பியர்டட் டிராகன் தொட்டிக்கு எந்தத் தரை: மணலா, டைல்ஸா, செம்மண்ணா?

அண்ணாநகர்_வாசகி (மதுரை) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய, பியர்டட் டிராகன் என்னும் ஓணான் வகைக் குட்டி ஒன்று எங்கள் வீட்டில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டியில் வளர்கிறது. வயது ஐந்து மாதம் இருக்கும் என்று விற்றவர் சொன்னார். அடியில் பரப்புவதற்கு 'கால்சியம் மணல்' என்று வெள்ளையாக ஒரு பொட்டலமும் அவரே கொடுத்தார். சுவர்க்கோழிப் பூச்சியை இரையாக விடும்போது, குட்டி பாய்ந்து நாக்கால் அதை இழுக்கையில் ஈர நாக்கில் மணலும் அப்பிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்ததும் மணலை அகற்றிவிட்டுச் செய்தித்தாள் விரித்திருக்கிறேன். தாளுக்கடியில் பூச்சிகள் புகுந்துகொள்வதால் அதுவும் நிரந்தர வழியாகத் தோன்றவில்லை. எளிதில் கழுவக்கூடியதாகவும் சித்திரை வெயிலில் கொதிக்காததாகவும் உள்ள தரை எது? செயற்கைப் புல் விரிப்பு நல்லது என்றும் சிலர் கூறுகிறார்கள்.

தெப்பக்குளத்தான்:

புல் விரிப்பு வேண்டாம் அம்மா. நகம் அதன் இழைகளில் சிக்கும். பிரிந்த நூல் விரலில் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும். கழிவும் இழைகளுக்குள் இறங்கி, எவ்வளவு அலசினாலும் நாற்றம் தங்கிவிடும்.

குட்டிக்கு டைல்ஸ்தான் சரி. பளபளப்பானது வழுக்கும் என்பதால், குளியலறைத் தரைக்குப் போடும் சொரசொரப்பான வகையைக் கேளுங்கள். டைல்ஸ் கடைகளில் மிஞ்சிய துண்டுகள் மலிவாகவே கிடைக்கும்; தொட்டியின் உள்ளளவைச் சொன்னால் அறுத்தும் கொடுப்பார்கள். சொரசொரப்பில் நடக்கும்போது நகமும் தானாகத் தேயும். ஓரங்களில் இடைவெளி விட்டால் பூச்சிகள் அங்கேயும் ஒளியும் என்பதால் நெருக்கமாகப் பொருத்துங்கள். விளக்குக்கு நேர் கீழே மட்டும் மெருகேற்றாத கடப்பாக் கல் ஒன்றை வைத்தால், அது சூட்டைப் பிடித்துவைத்து வயிற்றுப் பக்கம் வெதுவெதுப்பாகக் கொடுக்கும். ஆனால் கறுப்புக் கல் எதிர்பாராத அளவுக்குச் சுடும். கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், கல்லின் மேற்பரப்பை வெப்பமானியால் அளந்து, 40 டிகிரியை ஒட்டி இருக்கும்படி விளக்கின் உயரத்தை மாற்றுங்கள். மறுமுனை 30 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழுள்ள அறையானால் மே மாதத்தில் இது நடக்காத காரியம். தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மேலூர்_விவசாயி:

குட்டிப் பருவத்துக்கு டைல்ஸ் என்பதை ஏற்கிறேன். ஆனால் ஆயுள் முழுவதும் அதை டைல்ஸ் மேலேயே வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில், பெரும்பாலும் இறுகிய செம்மண் தரையில், திரிந்து தோண்டி வாழும் பிராணி அது. பாலைவனப் பிராணி என்றவுடன் மணல்மேட்டை நினைத்துக்கொண்டு உதிரி மணலைக் கொட்டுவதால்தான் சிக்கல் வருகிறது.

வளர்ந்த பின் மண் தரை போட விரும்பினால், மேலூர் பக்கத்துச் செம்மண் நன்றாகவே பொருந்தும். உரமோ பூச்சிமருந்தோ படாத இடத்து மண்ணாக இருக்க வேண்டும். அதனால் வயல் மண் கூடாது. கல்லும் வேரும் நீங்கச் சலித்து, ஏழு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு கழுவிய ஆற்று மணல் கலந்து, பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதத்துக்கு நீர் தெளித்து, நான்கைந்து அங்குல உயரத்துக்குத் தொட்டியில் பரப்பிக் கட்டையால் நன்றாகத் திமிசு போடுங்கள். முழுவதும் காய்ந்து, விரலால் கீறினால் பொடி உதிராத நிலைக்கு வந்த பிறகே பிராணியை விட வேண்டும். எம்-சாண்ட் கூர்முனைகளைக் கொண்ட உடைகல் என்பதால் அதைக் கலக்காதீர்கள். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணும் உதவாது. ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண்ணில் பூச்சிகளுக்குத்தான் கொண்டாட்டம்.

கால்நடை_மாணவன்:

விழுங்கிய மணல் குடலை அடைத்துக்கொள்ளும் என்பதே மணல் மீதான பயம். ஆனால் அந்தக் குடலடைப்புக்கு மணலை மட்டும் குற்றம் சொல்வது பாதி உண்மைதான். போதிய சூடு இல்லாமல் செரிமானம் மந்தமாவதும், நீர்ச்சத்துக் குறைவதும், கால்சியம் பற்றாமல் குடலின் அசைவு தளர்வதும் சேரும்போதுதான், நலமான உடல் கழித்துவிடக்கூடிய சிறிதளவு மண்கூட உள்ளே தங்கிவிடுகிறது. கால்சியம் குறைந்த குட்டி தரையை நக்கவும் செய்யும். ஆகவே இரையின் மேல் கால்சியம் தூள் தூவுகிறீர்களா, புற ஊதா பி கதிர் தரும் விளக்கு உண்டா என்பதையும் பாருங்கள். சன்னல் வெயில் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தற்போதைக்கு இரையைத் தரையில் விடாமல் வழவழப்பான ஆழமான கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். ஏற்கெனவே மணல் விழுங்கியிருப்பதால், உண்டும் பல நாள் கழிவு வராமலிருந்தாலோ, முக்கினாலோ, பின்கால்களை இழுத்து நடந்தாலோ எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் வசதியுள்ள மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்லுங்கள்.

அண்ணாநகர்_வாசகி:

மூவருக்கும் நன்றி. கழிவு முறையாகவே வருகிறது. இந்த வாரமே டைல்ஸ் வாங்கிவிடுகிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: வீட்டுத் தோட்டத்துக்கு வாங்கிய தென்னை நார்க்கழிவுக் கட்டி ஒன்று மீதமிருக்கிறது, அதைப் பயன்படுத்தலாமா? குட்டி பெண்ணாக இருந்தால் வேறு ஏதேனும் ஏற்பாடு வேண்டுமா?

மேலூர்_விவசாயி:

நார்க்கழிவு ஈரமாக இருந்தால் பூசணம் பிடிக்கும், காய்ந்தால் தூசியாகப் பறந்து கண்ணையும் மூக்கையும் உறுத்தும்; முழுத் தரைக்கு அது வேண்டாம். பெண்ணாக இருந்தால், ஆண் துணையே இல்லாவிட்டாலும் பருவம் வந்ததும் முட்டையிடக்கூடும். தோண்ட இடமின்றி முட்டையை அடக்கிவைத்தால் உயிருக்கே ஆபத்து. ஓரடி ஆழமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஈர மண்ணும் மணலும் நிரப்பி, வளை தோண்டினால் சரியாத பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கலவையில் உங்கள் நார்க்கழிவைக் கொஞ்சம் சேர்க்கலாம். அதில் உப்பு இருக்கும் என்பதால், இரண்டு மூன்று தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகு சேருங்கள்.