எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: கைடுடன் போனால் எதை எதிர்பார்க்கலாம்?

கேள்வி:
அக்டோபரில் கைடு, போர்ட்டருடன் போகிறேன். தினமும் எவ்வளவு நடை? உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன செய்வது? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பதில் 1:
விமானத்தில் இறங்கி நடையைத் தொடங்கும் லுக்லா சுமார் 2,860 மீட்டர் உயரம், பேஸ் கேம்ப் 5,364. ஏற எட்டு நாள், இறங்க மூன்று நான்கு நாள். பெரும்பாலும் தினம் 5 முதல் 7 மணி நேரம் நடை. வழியில் உள்ள நாம்சே, திங்போச்சே ஊர்கள் இரண்டிலும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார்கள். ஓய்வு நாள்தானே என்று படுத்துவிடாதீர்கள் தம்பி. 300, 400 மீட்டர் மேலே ஏறிவிட்டுக் கீழே வந்து தூங்கவேண்டும், உடம்பு பழகுவதே அதில்தான். நடக்கும்போது பேச்சு மூச்சிரைப்பில் அறுந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம்.

பதில் 2:
தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்று ஏறவே கூடாது. குதிகாலும் விரலும் ஒட்ட நேர்கோட்டில் நடந்து பாருங்கள். தள்ளாடினால் மூளை வீக்கமாக இருக்கலாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் சேர்கிறதோ என்று சந்தேகப்படவேண்டும். இரண்டுக்கும், நடுராத்திரியானாலும், உடனே கீழே இறங்கவேண்டும். தயவுசெய்து தலைவலியைக் கைடிடம் மறைக்காதீர்கள். பலர் செய்யும் பெரிய தப்பு அதுதான். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வழக்கமாக 125 மி.கி., காலை மாலை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. டாக்டரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி மதமதப்பது அந்த மாத்திரையால் வருவது, பயம் வேண்டாம்.

பதில் 3:
போர்ட்டர் உங்கள் பெரிய பையோடு முன்னால் போய்விடுவார். மழைக்கோட்டு, டவுன் (இறகு அடைத்த) ஜாக்கெட், தண்ணீர், மாத்திரை உங்கள் முதுகுப்பையிலேயே இருக்கட்டும். பேஸ் கேம்புக்கு முன் கடைசியாகத் தங்கும் கோரக்ஷெப்பில் ராத்திரி பாட்டில் தண்ணீர் உறைந்துவிடும். பாட்டில், போன், பவர் பேங்க் மூன்றையும் ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துத் தூங்குங்கள். மேகம் சூழ்ந்தால் லுக்லா விமானம் நின்றுபோகும், கையில் இரண்டு நாள் உபரி வேண்டும். காப்பீட்டில் 6,000 மீட்டர் வரை ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.