அத்தையின் தையல் சேனலுக்கு ஒரு தம்ப்நெயில்

அத்தை: (படம்)
அடுத்து வெளியிடவிருக்கும் வீடியோவுக்கு இந்தத் தம்ப்நெயிலை, அதாவது யூடியூபில் வீடியோவின் முகப்பாகத் தெரியும் படத்தை, செய்து வைத்திருக்கிறேன். பிளவுஸில் ஷோல்டர் ஏன் நழுவுகிறது, துணியை வெட்டும்போதே அதை எப்படித் தடுப்பது என்பதுதான் வீடியோ. எல்லோரும் பார்த்துத் தயங்காமல் குறை சொல்லுங்கள்.

சித்தப்பா: நன்றாகத்தான் இருக்கிறது அக்கா, ஆனால் ஒரு விறுவிறுப்பு இல்லை. நீங்கள் கன்னத்தில் கை வைத்து வாயைப் பிளந்தபடி ஒரு படம், நழுவும் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம், அதைக் காட்டும் பெரிய அம்புக்குறி, மேலே ‘இதைச் செய்தால் அவ்வளவுதான்!’ என்று ஒரு வரி, இவை இருந்தால் கூட்டம் தானாக வரும்.

பெரியப்பா: எதைச் செய்தால் எவ்வளவுதான் என்பதை முதலில் நீ விளக்கு. ரவிக்கை தைப்பதற்கும் வாயைப் பிளப்பதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை.

அக்கா: அத்தை, நான் கைப்பேசியில் பார்க்கிறேன். பச்சை பிளவுஸ், அளவு நாடா, கத்தரிக்கோல், தையல் இயந்திரம், மூன்று வரி எழுத்து எல்லாம் தெரிகின்றன. ஷோல்டர் நழுவுவது மட்டும் தெரியவில்லை.

நான்: அக்கா சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது அத்தை. படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். 1280க்கு 720 பிக்சல் அளவில் நாம் பார்த்துப் பார்த்துச் செய்யும் படம், தேடல் முடிவுகளிலோ ஒரு வீடியோவுக்குக் கீழே வரும் பரிந்துரைகளிலோ பார்ப்பவர் கையில் இரண்டு மூன்று விரல் அகலத்துக்குத்தான் தெரியும். படத்தின் பாதியாவது ஒரு நொடிக்கு மேல் திரையில் தெரிந்துவிட்டால் யூடியூப் அதை ஓர் இம்ப்ரெஷன், அதாவது ஒருமுறை காட்டியது, என்று கணக்கில் சேர்த்துவிடுகிறது. அந்த ஒரு நொடிக்குள் நான்கு பொருள்களையும் மூன்று வரிகளையும் யாரும் பார்த்து முடிப்பதில்லை.

கத்தரிக்கோலும் இயந்திரமும் ‘இது தையல் சேனல்’ என்று சொல்கின்றன, ஆனால் அதைத் தேடி வந்தவருக்கு அது ஏற்கெனவே தெரியும். அவர் தன் பிளவுஸில் உள்ள கோளாறு உங்கள் படத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார். அதனால் நழுவிய ஷோல்டர் படத்தின் பாதியையாவது நிறைக்க வேண்டும், மற்றவை போகட்டும்.

அத்தை: இயந்திரத்தை எடுத்துவிடலாம். ஆனால் ‘கால் இஞ்ச்’ என்பதை எடுக்க எனக்கு மனமில்லை, ஏனென்றால் வீடியோவின் சூட்சுமமே அதுதான். கழுத்து அகலத்தைக் கால் இஞ்ச் குறைத்து வெட்டினால் ஷோல்டர் பட்டி கழுத்தை ஒட்டி உட்கார்ந்துவிடும். பலர் அதைச் செய்யாமல் முதுகில் கயிறு வைத்துச் சமாளிக்கிறார்கள்.

நான்: எடுக்கவே கூடாது அத்தை, உங்கள் படத்தில் இருக்கும் மிக நல்ல சொல் அதுதான். ஆனால் அதை வலது கீழ் மூலையில் வைத்திருக்கிறீர்கள். வீடியோ எத்தனை நிமிடம் என்று காட்டும் கறுப்புக் கட்டம் சரியாக அங்கேதான் வந்து உட்காரும். ‘கால்’ மட்டும் தெரியும், ‘இஞ்ச்’ மறைந்துவிடும். ஒருவர் பாதி பார்த்து விட்டுச் சென்ற வீடியோ என்றால் அடி விளிம்பு நெடுக ஒரு சிவப்புக் கோடும் ஓடும். ஆகவே முக்கியமான எதையும் அடியில், அதிலும் வலது பக்கத்தில், வைக்க வேண்டாம். இடது மேல்பகுதிதான் பாதுகாப்பான இடம்.

மற்ற இரண்டு வரிகளும் வீடியோவின் தலைப்பிலேயே இருக்கின்றன. தலைப்பு படத்துக்கு அடியில்தானே வரப்போகிறது? ‘ஷோல்டர் நழுவாமல் இருக்க எவ்வளவு குறைத்து வெட்ட வேண்டும்?’ என்று தலைப்பு கேட்கட்டும். ‘கால் இஞ்ச் போதும்’ என்று படம் பதில் சொல்லட்டும்.

பெரியப்பா: இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் பதிலை வெளியிலேயே சொல்லிவிட்டால் உள்ளே வந்து யார் பார்ப்பார்கள்?

நான்: நல்ல கேள்வி பெரியப்பா. எவ்வளவு என்று மட்டும்தான் சொல்கிறோம். எங்கே, எப்படி வெட்டுவது என்பதைச் சொல்லவில்லை. தைக்கத் தெரிந்தவர் ‘கால் இஞ்ச்’ என்று படித்ததும் எங்கே குறைப்பது, ஷோல்டரிலா கழுத்திலா என்றுதான் யோசிப்பார்.

தம்பி: அத்தையின் படத்தை நான் கணினியில் போட்டோஷாப்பில் திருத்த முயன்றேன். ‘ஷோல்டர்’ என்று தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் ஷகரம் வேறிடத்திலும் சிதறிப் போகின்றன.

நான்: பிரிஃபரன்சஸ் பகுதியில் டைப் என்பதற்குள் சென்று வேர்ல்ட் ரெடி லேஅவுட் என்பதைத் தேர்ந்தெடு, பழைய பதிப்பாக இருந்தால் அது மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன் என்ற பெயரில் இருக்கும். பிறகு புதிய கோப்பு ஒன்றைத் திறந்து தட்டிப் பார்.

எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத் தம்ப்நெயில்களைப் பார்த்து அப்படியே செய்வதால் தமிழில் வரும் தொல்லைகளை யாரும் பேசுவதில்லை. எழுத்தைச் சுற்றித் தடித்த கறுப்பு விளிம்பு போடுவது ஆங்கிலத்தில் எடுபடும். தமிழில் அந்த விளிம்பு முதலில் புள்ளியைத்தான் விழுங்கும். அத்தை, உங்கள் படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள்: ‘ஷோல்டர்’ என்பது ‘ஷோலடர’ என்று தெரிகிறது. இகரத்தின் மேற்சுழியும் உகரத்தின் கீழ்க்காலும் வரிக்கு வெளியே நீள்வதால், இரண்டு வரிகளை நெருக்கி வைத்தால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் சுழியும் மோதிக்கொள்கின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமாகவும் இருப்பதால், மூன்று சொற்களுக்கு மேல் போனால் எழுத்தின் அளவைக் குறைத்தே ஆகவேண்டியிருக்கிறது. நான் பெரும்பாலும் விளிம்பே போடுவதில்லை. எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறப் பட்டை ஒன்றை வைத்துவிடுவேன். எழுத்துருவில் பாலூ தம்பியோ முக்தா மலரோ தடித்த வடிவில் இருந்தால் புள்ளி நன்றாகத் தெரியும். இரண்டும் கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. மெல்லிய, நளினமான எழுத்துருக்கள் திருமண அழைப்பிதழுக்கு அழகுதான், இங்கே உதவாது.

பெரியப்பா: புள்ளியை விழுங்கும் விளிம்பை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

சித்தப்பா: நான் சொன்ன அம்புக்குறிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நான்: அம்புக்குறி தவறென்று நான் சொல்லமாட்டேன் சித்தப்பா. தைக்காதவர்களுக்கு நழுவலுக்கும் சாதாரண மடிப்புக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால் ஒரு சிறு அம்பு உதவக்கூடும். வாய் பிளந்த முகம்தான் வேண்டாம். பயணத்தையோ சமையல் போட்டியையோ காட்டுகிறவருக்கு முகமே செய்தி. அத்தையின் பார்வையாளருக்கோ தோள்தான் செய்தி. முகம் வந்தால் கண் முகத்துக்குத்தான் போகும், தோள் பின்னணியாகிவிடும்.

‘இதைச் செய்தால் அவ்வளவுதான்’ என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. படமும் தலைப்பும் வாக்குக் கொடுப்பதை வீடியோ கொடுக்காமல் போனால் நடவடிக்கை எடுக்கப்போவதாக யூடியூப் 2024 டிசம்பரில் இந்தியாவுக்கென்றே அறிவித்தது. செய்தி, நடப்பு நிகழ்வுகள் ஆகியவற்றில் நடக்கும் மோசடியைத்தான் அது முதன்மையாகக் குறித்தது என்பதால் அத்தையின் பிளவுஸை யாரும் நீக்கப்போவதில்லை. ஆனால் ஆர்வத்தைத் தூண்டி உள்ளே அழைத்து வந்தவர் முப்பது நொடியில் ஏமாந்து வெளியேறினால், அந்த வீடியோவை மேலும் பலருக்குக் காட்டுவதற்கு யூடியூபுக்குக் காரணமே இருக்காது. கூட்டத்தைக் கூட்டுவது எளிது, சித்தப்பா. அத்தைக்கு வேண்டியது வெட்டி முடிக்கும் வரை உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

சித்தப்பா: சரி, சிறு அம்புக்கு ஒப்புக்கொண்டாய் அல்லவா, அது போதும்.

மாமா: படம் எடுத்தவன் என்ற முறையில் கேட்கிறேன். பச்சைப் பட்டில் மெரூன் பார்டர் வைத்த பிளவுஸ்தானே, நேரில் பளிச்சென்று இருந்ததே? படத்தில் ஏன் மங்கிக் கிடக்கிறது?

நான்: மாமா, அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். பச்சையும் மெரூனும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். நிறம் வேறு, வெளிச்ச அளவு வேறு. நிறம் எவ்வளவு மாறுபட்டாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் சிறிய படத்தில் எல்லாம் குழைந்துவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வையாளர்களுக்கு அந்தக் குழைவு எப்போதுமே இருக்கும். இளநீலம், இளமஞ்சள் போன்ற ஒரே நிறத் துணியும் அதன் மேல் கருநிறச் சாக்பீஸ் கோடும் இருந்தால் கோடு எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும். பின்னணி முழு வெள்ளையாக வேண்டாம். யூடியூபின் வெள்ளைத் திரையில் படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் போகும்.

டியூப்லைட்டுக்கு நேர்கீழே எடுத்ததால் தோளின் நிழல் பட்டியின் மேலேயே விழுந்திருக்கிறது. ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தால் நழுவிய இடத்தில் உண்டாகும் அந்தச் சிறு இடைவெளி நிழலாகத் தனித்துத் தெரியும். இந்த வீடியோவுக்கு நமக்கு வேண்டியதே அந்த இடைவெளிதான்.

அத்தை: நழுவுவது நன்றாகத் தெரியும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் திருத்தக் கொண்டுவந்த ஒரு வாடிக்கையாளருடையது. அதைப் போடட்டுமா?

அக்கா: அவரைக் கேட்காமல் வேண்டாம் அத்தை. முகம் தெரியாவிட்டாலும் தன் பிளவுஸை அவருக்கு அடையாளம் தெரியும். கோளாறுக்கு எடுத்துக்காட்டாகத் தன்னைக் காட்டினார்கள் என்றால் மனம் வருந்துவார்.

தம்பி: அத்தையிடம்தான் டம்மி பொம்மை இருக்கிறதே?

அத்தை: பொம்மைக்குத் தோள் சரியாது தம்பி. அதன் மேல் எதைப் போட்டாலும் அளவெடுத்தது போல நிற்கும், நழுவவே நழுவாது. அதைப் பார்த்துத் தைத்துவிட்டுத்தான் பலர் என்னிடம் திருத்த வருகிறார்கள்.

அக்கா: அப்படியானால் நானே வருகிறேன். எனக்கு எந்த பிளவுஸும் நழுவும் என்பது இந்தக் குடும்பம் முழுக்கத் தெரிந்ததுதானே. முதுகுப் பக்கமாக, தோள் மட்டும் தெரியும்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்: மிகப் பொருத்தம். மாமா, எடுத்த படத்தை இந்தக் குழுவில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள்; வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் துணியின் இழையை எல்லாம் குழப்பிவிடும். டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் எடுத்தபடியே வந்து சேரும்.

வந்ததும் மூன்று விதமாகச் செய்து தருகிறேன். ஒன்றில் நழுவிய தோள் மட்டும் நெருக்கமாக, ‘நழுவுகிறதா?’ என்ற ஒரே சொல்லுடன். இரண்டாவதில் மேசை மேல் விரித்த துணி, சாக்பீஸ் கோடு, அதன் மேல் அத்தையின் விரலும் அளவு நாடாவும், ‘கால் இஞ்ச் போதும்’. மூன்றாவதில் திருத்துவதற்கு முன்னும் பின்னும் ஒரே தோள், சித்தப்பாவின் அம்புக்குறியோடு. கணினியில் யூடியூப் ஸ்டுடியோவை, அதாவது சேனல் நடத்துபவர்களுக்கான பக்கத்தை, திறந்தால் மூன்றையும் ஏற்றிச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அது ஆளுக்கு ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டி, இரண்டு வாரம் வரை எடுத்துக்கொண்டு முடிவு சொல்லும். யார் அதிகம் தட்டினார்கள் என்பதை வைத்து அல்ல, எந்தப் படத்தின் வழியாக வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே அது வெற்றியை முடிவு செய்கிறது. அதனால்தான் மூன்றையும் வெவ்வேறு யோசனைகளாக வைக்கிறேன். பட்டையின் நிறத்தை மட்டும் மாற்றிச் சோதித்தால் எல்லாம் ஒன்றுதான் என்ற விடையே வரும்.

தம்பி: நான் அம்புக்குறியின் பக்கம்.

அத்தை: நான் மேசை மேல் விரித்த துணியின் பக்கம். என்னிடம் கற்றுக்கொள்பவர்கள் முதலில் கோட்டைத்தான் பார்ப்பார்கள்.

அது இருக்கட்டும், பழைய வீடியோக்களின் படங்களையும் இப்படி மாற்றிவிட வேண்டுமா? ஒவ்வொன்றிலும் ஐந்து வரி எழுதி வைத்திருக்கிறேனே.

நான்: எல்லாவற்றையும் தொடவேண்டாம் அத்தை. நன்றாக ஓடிக்கொண்டிருப்பவை, படம் எப்படி இருந்தாலும், அப்படியே இருக்கட்டும். ஸ்டுடியோவில் ஒவ்வொரு வீடியோவுக்கும் மூன்று எண்களைப் பாருங்கள்: எத்தனை முறை காட்டப்பட்டது, காட்டியதில் எத்தனை விழுக்காட்டினர் தட்டினார்கள், தட்டியவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள். தட்டியவர்களின் விழுக்காட்டைப் பார்த்தால், சேனல்களிலும் வீடியோக்களிலும் பாதி 2 முதல் 10 விழுக்காட்டுக்குள்தான் இருக்கின்றன என்று யூடியூபே சொல்கிறது. ஆகவே 4, 5 என்று கண்டு மனம் தளரவேண்டாம். நிறையக் காட்டப்பட்டு, குறைவாகத் தட்டப்பட்டு, வந்தவர்கள் மட்டும் நீண்ட நேரம் இருந்து பார்த்த வீடியோ ஏதாவது இருந்தால், அதன் கோளாறு வெளியில் இருக்கும் படத்தில்தான். அதை மட்டும் எடுத்து மாற்றுவோம். வந்தவர்களும் பாதியிலேயே போய்விடுகிறார்கள் என்றால் படத்தை மாற்றிப் பயனில்லை.

அத்தை: பார்த்துவிட்டேன். பிரின்சஸ் கட் வீடியோ அப்படியே நீ சொன்னபடி இருக்கிறது: காட்டியது நிறைய, தட்டியது 1.9 விழுக்காடு, வந்தவர்கள் மட்டும் பாதிக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அதன் தம்ப்நெயிலில் என் கத்தரிக்கோல்தான் பெரிதாக இருக்கிறது.

நான்: அப்படியானால் ஷோல்டருக்கு அடுத்து அதைச் செய்வோம். மாமா, அக்கா வரும் அன்றைக்கே பிரின்சஸ் கட் பிளவுஸ் ஒன்றையும் ஜன்னலருகே எடுத்து வைத்துவிடுங்கள். கைக்குழியிலிருந்தோ தோளிலிருந்தோ தொடங்கி மார்பின் வழியாக இடுப்பு வரை இறங்கும் அந்தத் தையல் கோடு படத்தின் குறுக்கே முழுதாகத் தெரியவேண்டும்.

மாமா: எடுத்து வைக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் அந்த ஜன்னலில் நேர் வெயில் விழும், அதனால் அதற்கு முன்பே வந்துவிடச் சொல்.