விதைநெல் கொடுக்க முன்பணம் வாங்கலாமா?

கடைமடை உழவன்:
திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். ஆவணியில் 14 பேருக்குத் தலைக்கு 2 கிலோ மாப்பிள்ளை சம்பா விதை கொடுத்தோம். அறுத்ததும் 4 கிலோவாகத் தர வேண்டும் என்று பேச்சு. மாசியும் முடிந்துவிட்டது, 9 பேர்தான் தந்திருக்கிறார்கள். அதிலும் ஒரு பை கலப்பு. ஒரு பிடி அள்ளி நகத்தால் உமியை உரித்துப் பார்த்தேன். சிவப்பரிசிக்கு நடுவே வெள்ளையாக நாலைந்து. எங்கேயோ வாங்கிக் கொடுத்துவிட்டாரோ என்று கஷ்டமாகிவிட்டது.

இனி 500 ரூபாய் முன்பணம் வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. தராதவர்களில் ஒருவருக்கு வடிகால் ஓரத்துப் பள்ள வயல். கார்த்திகை மழையில் பயிர் முழுசும் மூழ்கி அழுகிப்போனது. அவரிடம் பணம் கேட்டால் அடுத்த வருஷம் நம் பக்கமே வர மாட்டார். என்ன செய்யலாம்?

மன்னார்குடி வயல்:
தம்பி, முதலில் கணக்கைப் பாருங்கள். கொடுத்தது 28 கிலோ. வந்தது 36. கலப்புப் பையை ஒதுக்கினாலும் 32 கையில் இருக்கிறது. எதுவும் குறையவில்லையே! பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழாவில் விதை கொடுத்ததும் இந்த 2-க்கு 4 கணக்கில்தான். ஒருவர் தரும் 4 கிலோ அடுத்த இரண்டு பேருக்கு. தர முடியாமல் போகிறவனையும் அதுவே தாங்கிக்கொள்ளும். முன்பணம் வேண்டாம்.

வேளாங்கண்ணி அக்கா:
அறுப்பு மெஷினில் அறுத்தாரா என்று கேளுங்கள். முந்தின வயல் நெல் மெஷினுக்குள் தங்கிவிடும், நம் நெல்லோடு கொட்டும். நாங்கள் விதைக்கு வேண்டியதை மட்டும் நடுவயலில் கையால் அறுத்துத் தார்ப்பாயில் அடித்துக்கொள்வோம். கதிர் வரும்போதே நாலு பேர் வயலில் இறங்கிக் கலவன், அதாவது வேறு ரகமாகத் தெரிகிற பயிரை, எடுத்துவிடுவோம். அந்தப் பையை விதைக்கு வைக்காதீர்கள், அரைத்துச் சாப்பிடுங்கள்.

கடைமடை உழவன்:
அக்கா, கேட்டேன். மெஷின்தான். அதற்கு முன்னால் பக்கத்து வயலில் சி.ஆர். 1009 என்ற வெள்ளையரிசி நெல்லை அறுத்துவிட்டு நேராக இவர் வயலில் இறங்கியிருக்கிறது. பாவம், அவருக்கே தெரியவில்லை. அவரைத் தப்பாக நினைத்தது இன்னும் உறுத்துகிறது. முன்பணப் பேச்சை விட்டுவிட்டோம். வருகிற ஐப்பசி, மார்கழியில் வயல் வயலாகப் போய்ப் பார்ப்பதாகப் பேசியிருக்கிறோம். பள்ள வயல்காரருக்கு 2 கிலோ தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அவர் வந்து கேட்கக் கூச்சப்படுவார், நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.