தோள்பட்டை ஜவ்வு கிழிந்தால் எக்ஸ்ரேயில் தெரியுமா?

காசிமேட்டுக்காரன்:
என் அப்பாவுக்கு வயது 58. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகளாக ஐஸ் பெட்டி தூக்கியவர். மூன்று மாதங்களாக வலது தோளில் வலி. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை. கொடியில் துணி போடக் கையை உயர்த்தினால் பாதியிலேயே சுருக்கென்று பிடிக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாக இருக்கிறதென்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜவ்வு கிழிந்திருந்தால் அதிலேயே தெரிந்திருக்காதா?

தண்டையார்பேட்டை எக்ஸ்ரேக்காரர்:
தெரியாது, தம்பி. நாம் ஜவ்வு என்று சொல்லும் தசைநாண், பக்கத்துத் தசையைப் போலவே கதிர்களை உள்ளே விட்டுவிடுவதால், இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகத்தான் படத்தில் விழும். அதற்காகப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தசைநாணில் படிந்த சுண்ணாம்பு வெள்ளைத் திட்டாகத் தெரியும். கை எலும்பின் உருண்டைத் தலைக்கும், அதற்கு மேலே கூரைபோல் நிற்கும் எலும்புக்கும் இடையே சாதாரணமாக 7 மில்லிமீட்டருக்குக் குறையாத இடைவெளி இருக்கும். அது 6-க்கும் கீழே போயிருந்தால், உருண்டையைக் கீழே பிடித்து வைத்திருந்த தசைநாண் பெரிதாகக் கிழிந்திருக்கக்கூடும். ஆனால் அது முற்றிய நிலை. மூட்டுத் தேய்மானத்தைப் பார்க்க, உடலைச் சுமார் 40 பாகை திருப்பி நிறுத்தி எடுக்க வேண்டும். நேராக நிறுத்தினால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மூட்டின் இடைவெளியை மறைத்துவிடும். அவசரத்தில் பல இடங்களில் இதைச் செய்வதில்லை என்பது என் வருத்தம்.

ராயபுரம் பிசியோ:
அப்பாவுக்குச் சர்க்கரை உண்டா? முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை நீங்களே மெதுவாக வெளிப்புறம் திருப்பிப் பாருங்கள். நீங்கள் திருப்பியும் போகவில்லை என்றால், அது தோள் இறுக்கமாகவோ தேய்மானமாகவோ இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இறுக்கம் அதிகம் வரும், அதில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நீங்கள் திருப்பும்போது தாராளமாகப் போய், அவராகக் கையை உயர்த்தும்போது மட்டும் தடுமாறினால், தசைநாணைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

காசிமேட்டுக்காரன்:
சர்க்கரை இல்லை, அண்ணா. நான் திருப்பினால் இடது கையைப் போலவே தாராளமாகப் போகிறது.

ராயபுரம் பிசியோ:
அப்படியானால் எலும்பு மருத்துவரிடம் அல்ட்ராசவுண்ட் பற்றிக் கேளுங்கள். கையை அசைக்கச் சொல்லியே தசைநாணைப் பார்க்கலாம், எம்.ஆர்.ஐ.யைவிடச் செலவும் குறைவு. அறுவை சிகிச்சை வரை பேச்சு வந்தால், தசை எவ்வளவு மெலிந்திருக்கிறதென்று அறிய எம்.ஆர்.ஐ. தேவைப்படும். அதுவரை தலைக்கு மேலே பெட்டி தூக்க வேண்டாம்.

தண்டையார்பேட்டை எக்ஸ்ரேக்காரர்:
போகும்போது பழைய எக்ஸ்ரேயையும் கையோடு கொண்டு போங்கள். சுண்ணாம்புத் திட்டு இருக்கிறதா என்று ஸ்கேன் எடுப்பவரும் பார்ப்பார்.