இலகு ரயிலுக்கு இடம் போனவர்கள்: அளக்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா?

மூலைவீடு:
எங்கள் வீடு திருப்பத்தில். பேருந்து எப்படியாவது ஒடித்துத் திரும்பிவிடும். தெருவிலேயே தண்டவாளத்தில் ஓடும் இலகு ரயிலுக்கு வளைவு ஆரம் பொதுவாகச் சுமார் 25 மீட்டராவது வேண்டும். அதனால் மூலையில் இருப்பவன் தலையில்தான் விழும். நோட்டீஸ், விசாரணை எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. அளவையர் நாடாவை இழுத்துச் சிவப்புக் கோடு போட்டார். கோடு மாடிப்படியின் மூன்றாம் படியைக் குறுக்கே வெட்டிச் சுவரில் போய் நின்றது. "மாடி உங்களுக்குத்தான் சார், படிக்கட்டு மட்டும்தான் லைனுக்குப் போகுது" என்றார். கிண்டல் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார். மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அப்போ நான் எப்படிடா இறங்குறது?" என்றார்.

வாடகைக்கடை:
உங்களுக்காவது காசோலை வந்திருக்கும். நான் 11 வருடம் வாடகைக்குத் தையல் கடை வைத்திருந்தேன். இழப்பீடு கட்டட உரிமையாளருக்கு. பட்டியலில் என் பங்கு ஒரே வரி: "பெயர்ப்பலகை, 1". வாடிக்கையாளர்கள் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

கோப்புக்காரர்:
மூலைவீடு, தப்பு உங்கள் மேல்தான். எடுத்த சதுர அடிக்கு மட்டும் கணக்குப் போட்டால் ஒப்புக்கொள்ளலாமா? படி போனால் மிச்ச வீட்டின் மதிப்பும் போகிறது. பல நாட்டுச் சட்டங்களில் அதற்கும் இழப்பீடு கேட்கலாம்; உதவாத மிச்சத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லவும் சில இடங்களில் வழி உண்டு. பணம் வாங்கும்போது 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதியே கையெழுத்துப் போடுங்கள். அப்புறம், தோண்ட ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு அறையையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். விரிசல் பழசா புதுசா என்பதில்தான் பிறகு சண்டையே. வாடகைக்கடை, வரிக் கணக்கு, கடை மாற்றிய செலவு ரசீது எல்லாம் பத்திரம். என் கதையா? தோட்டத்தில் ஒன்றரை மீட்டர், ஒரு மரம். வெட்டிய அன்று நான் ஊரில் இல்லை.

கொக்கி:
எங்களிடம் ஒரு அடிகூட எடுக்கவில்லை. கம்பம் நட இடமில்லை என்று, ரயிலுக்கு மின்சாரம் தரும் 750 வோல்ட் கம்பியை இழுத்துக் கட்ட முகப்புச் சுவரில் கொக்கி அடித்தார்கள், படுக்கையறைக்கு நேர் வெளியே. இழப்பீடு கேட்டால், "இடமே எடுக்கலையே, எதுக்குப் பணம்?" என்கிறார்கள். ராத்திரி கடைசி வண்டி போகும்போது சுவர் முனகுகிறது.

மூலைவீடு:
கோப்புக்காரர், ஆட்சேபம் எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன், ஐயா. படிக்கட்டைப் 'பழைய கட்டுமானம்' என்று தேய்மானம் கழித்துத்தான் கொடுத்தார்கள். வெளிப்பக்கம் இரும்புப் படி வைத்தோம். அம்மா அதில் ஒரு நாள்கூட ஏறவில்லை. அவர் துணிமணி இன்னும் மேலேதான் இருக்கிறது, கேட்கும்போது நான் போய் எடுத்து வருகிறேன்.