கவ்வாத்து மலையில் கால் சுட்ட அனுபவம்: உங்கள் பக்கம் எப்படி?

மஸ்கெலியாவிலிருந்து:

பதினைந்து நாளாக மழை இல்லை. மத்தியானம் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகும்போது, கவ்வாத்து வெட்டி (தேயிலைச் செடிகளைக் கத்தரித்து) முடித்த மலையில் செருப்பு அறுந்துவிட்டது. வெறுங்காலை வைத்ததும் அடுப்புக்கல்லை மிதித்த மாதிரி சுட்டது. ஓடிப்போய் ஒரு சவுக்கு மரத்தடியில் நின்றேன். அங்கே மண் குளிர்ந்திருந்தது. இடையில் இருபது அடிதான் இருக்கும்.

"முந்தி இந்த மலை பூரா நெழல் மரம் நின்னுச்சு புள்ள. கீழ உக்காந்துதான் சாப்புடுவோம்"னு அம்மா சொன்னாங்க.

அன்றிலிருந்து இதைத் தேடிப் படிக்கிறேன். ஈரமும் இலையும் உள்ள இடத்தில் வெயிலின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடுகிறது. ஒரு லீட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சக்தியைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு சக்தி அதை ஆவியாக்கத் தேவை! மண்ணில் ஈரம் இல்லையென்றால் அத்தனை சக்தியும் மண்ணையும் அதை ஒட்டிய காற்றையும் சுடவைக்கும். சுட்ட மண் இன்னும் காயும், காய்ந்த மண் இன்னும் சுடும். வானொலியில் சொல்லும் வெப்பநிலையோ, தரைக்கு மேலே ஆள் உயரத்தில் நிழலில் அளப்பது. கொழுந்தெடுக்கும் அம்மாக்களின் காலுக்குத் தெரிவது அதில் வராது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

நம்ம பங்கும் இருக்கிறது. கவ்வாத்துக் குச்சி மண்ணை மூடிக் கிடக்க வேண்டியது. விறகுக்கு வேறு வழியில்லாமல் கட்டுக் கட்டாக லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) தூக்கி வந்துவிடுகிறோம்.

பசறையிலிருந்து:

உங்கள் பக்கம் ஆடி மழை கொட்டும்போது எங்களுக்குக் கச்சான் காற்று அக்கா. மழையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட்டு மலை தாண்டி வரும் காற்று, 1 கிலோமீற்றர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 10 பாகை சூடாகும். ஊவாத் தேயிலைக்கு மணம் கொடுப்பதும் இந்தக் காய்ந்த காற்றுதான். ஆனால் எங்கள் லயத்துக்கு மேலே மானாப்புல் மலைக்கு யாரோ தீ வைத்துவிட்டார்கள். கரிந்த கறுப்பு மண் வெயிலை அப்படியே குடிக்கிறது. பொழுது சாய்ந்த பிறகும் அந்தப் பக்கமிருந்து வீட்டுக்குள் அனல் வந்தது. அடுத்து வந்த மழையில் மேல்மண் கானுக்குள் (வடிகாலுக்குள்) போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்து அப்பா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மஸ்கெலியாவிலிருந்து:

படிக்கவே மனசு கனக்குது தம்பி. இந்த முறை நாங்கள் தடித்த குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, இலையையும் சிறு கிளையையும் மண் மேலேயே பரப்பிவிட்டோம். நேற்று மத்தியானம் இலைக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். ஈரம் இருந்தது.