தெருவிளக்கும் அந்த 50,000 மணி நேரமும்

பழைய_லைன்மேன்:
போன வாரம் வேறொரு திரியில் கணக்குப்பிள்ளை இப்படி எழுதிவிட்டுப் போனார்: "உள்ளாட்சிகள் தெருவிளக்கை எல்இடிக்கு மாற்றினாலே போதும். மின்சாரம் பாதி, கரியுமிழ்வு பாதி. 50,000 மணி நேரம், அதாவது 12 வருஷம், கம்பத்துப் பக்கமே போக வேண்டாம்." படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கம்பம் ஏறாதவர்களுக்குத்தான் இப்படி எழுத வரும். அந்த 50,000 மணி நேரத்தை யார் எரித்துப் பார்த்தது?

கணக்குப்பிள்ளை:
வந்துட்டாரய்யா. 250 வாட் சோடியம் விளக்கு, அதாவது பழைய மஞ்சள் விளக்கு, சோக்கையும் சேர்த்தால் 275 வாட்டுக்கு மேல் இழுக்கும். அந்த இடத்தில் 120 வாட் எல்இடி. வருஷத்துக்கு 4,000 மணி நேரம் எரிந்தால் ஒரு கம்பத்துக்கே 600 யூனிட்டுக்கு மேல் மிச்சம். லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சி 2009இல் ஆரம்பித்து சுமார் 1,40,000 விளக்குகளை மாற்றியது. அவற்றின் மின்சாரத் தேவை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. இதில் எது பொய்?

பழைய_லைன்மேன்:
நான் மணி நேரத்தைக் கேட்டால் வாட்டைச் சொல்கிறீர். ஆய்வுக்கூடத்தில் எல்இடி சில்லை 6,000 மணி நேரம், மிஞ்சினால் 10,000 மணி நேரம் எரிப்பார்கள். மீதியெல்லாம் காகிதத்தில் கோடு நீட்டுவது. அதுவும் சில்லுக்கு மட்டும். சில்லுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டி உள்ளே இருக்கிறதே, அதை யார் பார்த்தார்கள்? அதிலுள்ள கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. பகலெல்லாம் வெயிலில் காய்கிற இரும்புப் பெட்டி அது. 12 வருஷமாம்!

நடுவில்_ஒருவன்:
ஒரு சின்ன விளக்கம். 50,000 மணி நேரம் என்பது விளக்கு அணைந்து போகும் கணக்கு இல்லை. வெளிச்சம் முதலில் இருந்ததில் 70 சதவீதமாகக் குறைய ஆகும் காலம். நீங்கள் இருவரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள்.

பழைய_லைன்மேன்:
தம்பி, இருட்டுத் தெருவில் நடப்பவரிடம் போய் இந்த விளக்கத்தைச் சொல்லுங்கள். கணக்குப்பிள்ளை சார், 50,000 எங்கே?

கணக்குப்பிள்ளை:
டிரைவர் போனால் டிரைவரை மாற்றுங்கள். உங்கள் சோடியம் பல்புக்கும்தான் அட்டையில் 24,000 மணி நேரம் என்று போட்டிருந்தார்கள். அப்போது இந்தக் கோபம் எங்கே போயிருந்தது? புதுசு எது வந்தாலும் உங்களுக்கு ஆகாது. சூரிய பம்பு திரியிலும் இதே பாட்டுதான்.

பழைய_லைன்மேன்:
சூரிய பம்பு திரியில் கடைசியில் வாயை மூடிக்கொண்டு போனது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். சோடியம் போனால் பல்பை மட்டும் கழற்றி மாட்டினோம். இப்போது பல இடங்களில் மொத்த விளக்கையும் இறக்க வேண்டியிருக்கிறது. வாரண்டி முடிந்திருக்கும், அந்த மாடலும் நின்று போயிருக்கும். கழற்றிப் போட்டதைத் திரும்பச் செய்ய ஆகும் கரியுமிழ்வை உங்கள் கணக்கில் எந்த வரியில் எழுதினீர்?

நட்சத்திரப்பித்தன்:
மிச்சம் பிடித்த மின்சாரத்தில் இன்னும் நாலு விளக்குப் போடுகிறார்கள், அதை யாரும் பேசுவதில்லை. 2012 முதல் 2016 வரை பூமியில் செயற்கை வெளிச்சம் விழும் பரப்பு வருஷத்துக்கு சுமார் 2 சதவீதம் கூடியதாகச் செயற்கைக்கோள் ஆய்வு சொல்கிறது. எல்இடி பரவிய அதே காலம்தான்.

கணக்குப்பிள்ளை:
எந்தத் திரியானாலும் இவருக்கு வானம்தான். ஜோசியப் பகுதி அடுத்த அறை.

நட்சத்திரப்பித்தன்:
வானியலும் ஜோசியமும் ஒன்றா? நிர்வாகி இதைப் பார்க்க மாட்டாரா, அல்லது பழைய உறுப்பினர்களுக்கு மட்டும் சலுகையா?

தண்ணித்தொட்டி:
விளக்கை விடுங்கள் ஐயா. பல உள்ளாட்சிகளில் குடிநீர் பம்புதான் மின்கட்டணத்தைத் தின்கிறது. வால்வை அடைத்து நீரைக் குறைப்பதற்குப் பதில் மோட்டார் வேகத்தை 20 சதவீதம் குறையுங்கள். மேட்டுத் தொட்டிக்கு ஏற்றும் பம்பில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் குழாய் உராய்வை மட்டுமே எதிர்த்துத் தள்ளும் பம்பில் இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகும். காசு இல்லை என்பதும் சாக்குத்தான். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரம் 1995லிருந்து ஒரு உள்நிதி வைத்திருக்கிறது. ஒரு துறை மிச்சம் பிடித்த பணம் அதே நிதிக்குத் திரும்பும், அடுத்த வேலைக்குப் போகும்.

பழைய_லைன்மேன்:
பம்பு, வானம், ஜெர்மனி எல்லாம் வந்தாச்சு. 50,000 மட்டும் வரவில்லை. அதைச் சோதித்துப் பார்க்க, இடைவிடாமல் எரித்தாலே ஐந்தரை வருஷத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த மாடலே சந்தையில் இருக்காது. யாரும் முழுசாகப் பார்க்காத எண்ணை வைத்து டெண்டர் போடுவார்களாம், நாம் கை தட்ட வேண்டுமாம்.

கணக்குப்பிள்ளை:
பத்து வருஷம் தாங்கினாலும் லாபம். ஏழு தாங்கினாலும் லாபம். கூட்டிப் பார்க்கத் தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்.

பழைய_லைன்மேன்:
ஆக 12, பத்தாகி, ஏழாகிவிட்டது. நாளைக்கு வந்தால் மூன்று என்பீர் போல.

கணக்குப்பிள்ளை:
நான் "தாங்கினாலும்" என்று எழுதியது உங்கள் கண்ணில் படாது. உங்களோடு பேசி நேரத்தை வீணாக்க முடியாது.

நட்சத்திரப்பித்தன்:
போவதற்கு முன் ஜோசியம் என்று சொன்னதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகவும்.

பழைய_லைன்மேன்:
வரிசையில் நில்லுங்கள். நான் முதலில் கேட்டேன்.